ஒன்பதாவது விடயம்: இளவரசியின் கலியாணம்

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையில் சாய்ந்திருந்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று அனுப்பிவைப்பார். அந்தக் கதிரையில் ஒருநாள் நானும் சாய்வேன் என்று முப்பத்துமூன்று வருடம் காத்திருந்தேன். என் மகன் நிஷான் போயும் போயும் ஓர் அரசகுமாரியை விரும்பினான். அவர்களுடைய வழக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன்தான் மனுக் கொடுக்கவேண்டும். மூன்று பிரதிகளில்.

பெட்டையின் பெயர் தியோடோரா. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பக்கத்தில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி ஓர் ஆசுபத்திரி. அங்கே நோயாளிகளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைக்கிற வேலை நிஷானுக்கு. அவளுடைய தாயின் கடைசி இரண்டு மாதமும் அவனுடைய வார்டில்தான். தாய்க்கு அவன் தலை வாரிவிட்ட விதத்தைப் பார்த்துத்தான் மகளுக்கு மனம் போனது என்று என் மனைவி அக்னெஸ் சொல்லுவாள். எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அந்தப் பெட்டை, நிஷானிடம் பழகிய தமிழில், "மாமா, கொஞ்சம் சம்பல் தாங்கோ" என்று கேட்டது. அவளில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஒரே குறை, அவளுடைய பேரனாருக்கு, தகப்பனின் தகப்பனுக்கு, ஒரு நாடு இருந்தது.

வல்தீனியா என்ற அந்த நாட்டை வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு அயல்நாடுகள் மூன்றும் அதைப் பங்குபோட்டுக்கொண்டன. பேரனார் நாலு வயது மகனையும் ஏழு மந்திரிமாரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி மொன்றியல் வந்தார். அந்த நாலு வயதுப் பையன்தான் இன்றைய மன்னர் ஒட்டோகர். வயது எண்பதுக்கு மேலே. பியர்பொன்ட்ஸில் முப்பத்தொரு வருடம் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மெதுவாகப் பேசுகிற, யாரைக் கண்டாலும் முதலில் தானே "பொன்ஜூர்" சொல்கிற மனுசன். அவரோடு மட்டும் கதைக்கவேண்டியிருந்தால் கலியாணம் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு மேலே அரச மணச் சபை இருந்தது.

சபை ஞாயிறு தோறும் பின்னேரம் இரண்டு மணிக்கு மன்னர் வீட்டு நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் கூடும். ஏழு கதிரைகள். நாலு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் "தற்காலிகமாகச் சமுகமளிக்கவில்லை" என்று ஒவ்வொரு வாரமும் பதிவாகிறது. மிஞ்சியிருப்பவர்கள் மன்னரும், அந்த மந்திரிமாரின் மகன்மாரான சான்சலரும், வம்சாவளிக் காப்பாளரும். சான்சலர் ஓய்வுபெற்ற காப்புறுதி மதிப்பீட்டாளர். கம்பளி மேற்சட்டைக்கு மேலே நீலப் பட்டி ஒன்று குறுக்காகப் போட்டிருப்பார். காப்பாளர் முன்பு பியானோ சுருதி சேர்த்தவர். அவருக்குக் காது கேளாது. அதனால் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று தலையாட்டுவார், தலையாட்டியதைச் சபை கணக்கில் எடுப்பதில்லை.

நான் முதல் முறை போன அன்று, மனுதாரர் கதிரையில் இருக்கக்கூடாது என்பதால் நின்றுகொண்டிருந்தேன். சான்சலர் பேசியது பிரெஞ்சு. அவருடைய மிடுக்குக்கு ஏற்ற தமிழில் தருகிறேன்.

"மனுதாரர் இளவரசியாரின் இளமைப் பருவத்தை அறிந்திருத்தல் அவசியம்" என்று சொல்லி, தோல் அட்டை போட்ட பதிவேட்டை விரித்தார். "இளவரசியார் பிறக்கும்போது, அரசகுலச் சட்டப்படி, சபை உறுப்பினர் ஒருவர் உடனிருக்கவேண்டும். ஆசுபத்திரியார் ஒருவரை மட்டுமே உள்ளே அனுமதித்தனர். ஆகவே நான் சென்றேன்."

"அப்ப தகப்பன்?"

"மாட்சிமை தங்கிய மன்னர் வாகனத் தரிப்பிடத்தில் காத்திருந்தார். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அவரும் வந்து குழந்தையைப் பார்த்தார். அதுவும் இங்கே பதிவாகியுள்ளது. பிறப்பின்போது நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நின்றதும் பதிவாகியுள்ளது."

மன்னர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவேடு தொடர்ந்தது. பாலர் வகுப்பில் ஓடிப்பிடித்து விளையாடும்போது இளவரசியைத் துரத்தலாம், அவள் யாரையும் துரத்தக்கூடாது என்று சபை பாடசாலைக்குக் கடிதம் எழுதியது. அதனால் அவளை ஒருவரும் விளையாடச் சேர்க்கவில்லை. ஹலோவீன் அன்று வகுப்பில் பதினொரு பெட்டைகள் இளவரசி வேஷம் போட்டு வந்தார்கள். உண்மையான இளவரசி பூசணிக்காயாகப் போனாள். அரசகுலத்தவர் அரசகுலத்தவராக நடிப்பது ஆள்மாறாட்டமாம். கார்டெரி வேலை "அநாதைகளுக்கான அரச பராமரிப்பு" என்று பதிவாகியிருந்தது. அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் ஐந்து மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நான் சொன்னேன். சான்சலர் பேனையை எடுத்து "பகல்நேர அநாதைகள்" என்று திருத்தினார்.

பிறகு மாப்பிள்ளைப் பட்டியலுக்கு வந்தார். இளவரசிக்குப் பன்னிரண்டு வயதானபோது, பட்டம் இழந்த அரசகுடும்பங்களிலிருந்து பதினாலு வரன்களைச் சபை தெரிவு செய்திருக்கிறது. வருடம் ஒருமுறை பட்டியலைத் திருத்தி, சிலருக்குப் பதில் புதிதாகப் பிறந்தவர்களைச் சேர்ப்பார்கள். எட்டுப் பேர் இதற்குள் கட்டிவிட்டார்கள். மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒருவர் குருவானவர். ஒருவர் தன் சிநேகிதரோடு பனிச்சறுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். 

"ஒருவர் எஞ்சியுள்ளார்" என்றார் சான்சலர். "உயர்ந்த குலம். பதினாறு முப்பாட்டன்மாரும் மாசற்றவர்கள். சபை அவரை மிகவும் சாதகமாக நோக்குகிறது."

"அவருக்கு என்ன வயசு?"

"வரும் மார்ச் மாதம் நாலு நிறைவடைகிறது."

நான் மன்னரைப் பார்த்தேன். அவர் இன்னும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அன்றே "உங்கட சபையும் நீங்களும்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருப்பேன், நின்றுகொண்டிருந்ததால் எழும்பவும் வழியில்லை. அதோடு தியோடோரா எனக்கு ஒன்று சொல்லியிருந்தாள். "அப்பா, சபை சம்மதிக்காட்டி கோயில் வாசல்படி மிதிக்கமாட்டன் எண்டு நிக்கிறார். அம்மாவும் இல்லை, மாமா. அவர் வராமல் என்னால கட்ட ஏலாது." அவளுக்கும் அப்போது முப்பத்துமூன்று. மனுவை மூன்று பிரதிகளில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மனு எட்டு மாதம் கிடந்தது. பிறகு என் தொழிலைப் பற்றிக் கேள்வி வந்தது. நான் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியரின் மரக்கறிக் கடையில் இருபத்தேழு வருடமாக நிற்கிறேன். அரசகுலச் சட்டம் எழுபத்தொன்றாம் பிரிவு, அழுகும் பொருள் விற்பவனின் வீட்டோடு சம்பந்தம் செய்வதைத் தடுக்கிறதாம். உப்பு, மரம், இரும்பு விற்பவர்களுக்கு விலக்கு உண்டு.

"மனுதாரர் அழுகாத பொருள் எதையேனும் விற்பதுண்டா?"

நான் நன்றாக யோசித்தேன். "உள்ளி விக்கிறனான். காய்ஞ்ச உள்ளி எட்டு மாசம் கிடக்கும்."

சபை பரபரப்படைந்தது. இந்த வெள்ளைப்பூண்டு அழுகும் பொருளா என்று ஆராய ஒரு பிடியைப் பதிவேட்டின் மேல் வைத்து, அது கெடுகிறதா என்று பார்த்திருக்க முடிவெடுத்தார்கள். எட்டு மாதத்துக்குப் பதில் பதினொரு மாதம் பார்த்தார்கள், ஏனென்றால் நடுவில் சான்சலருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. உள்ளி முளைத்துவிட்டது. முளைத்தது அழுகியதாகாது என்று காப்பாளர் தலையாட்டினார். அன்று மட்டும் அவருடைய தலையாட்டலைக் கணக்கில் எடுத்தார்கள். அதற்காக அவருக்கு ஒரு பக்கட் பேரீச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இனி எஞ்சியிருப்பது ஒரேயொரு சம்பிரதாயம்" என்றார் சான்சலர். "மணமகனின் தாய்நாட்டு அதிகாரபீடம் ஒரு நற்சான்று வழங்கவேண்டும். தலைப்புக் கடதாசியில். முத்திரையோடு."

இங்கேதான் நான் பிழை விட்டேன். எந்த அரசாங்கத்திடமும் நான் போயிருக்கலாம். எல்லா அரசாங்கமும் பிந்தும், ஆனால் ஒருநாள் தரும். நான் அருமைராசா அண்ணையிடம் போனேன்.

அருமைராசா அண்ணை மாதாமுனை மக்கள் ஒன்றியத்தின் மொன்றியல் கிளைத் தலைவர். மாதாமுனை எங்கள் ஊர். கடற்கரையோரம், ஒரு தேவாலயம், நூற்றிருபது குடும்பம். ராணுவம் அதை உயர் பாதுகாப்பு வலயமாக்கி எங்களை ஊரைவிட்டு எழுப்பிய அடுத்த வருடம் ஒன்றியம் தொடங்கியது. அன்று தொட்டு அண்ணைதான் தலைவர். ஒன்றியத்துக்குத் தலைப்புக் கடதாசி உண்டு, முத்திரை இரண்டு உண்டு. நாங்கள் உலகத்தில் உள்ள எல்லாருக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம். ஒருவரும் பதில் போட்டதில்லை. இப்போது முதல் தடவையாக ஓர் அரசு எங்களிடம் கடிதம் கேட்டு நிற்கிறது.

சான்சலர் எழுதித் தந்ததை அண்ணை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேவதாசன், இதை நாங்கள் சும்மா ஒரு கடிதத்தோட விட ஏலாது. இது ராசதந்திர விசயம். நிர்வாகசபையைக் கூட்டுவம்."

"அண்ணை, பெடியன் நல்லவன் எண்டு ரெண்டு வரி எழுதினாக் காணும்."

"அதை ஆரும் எழுதலாம். நாங்கள் ஒரு மக்களிண்ட சார்பில எழுதுறம்."

ஒன்றியம் எழுதியது. பதினேழு பக்கம், மூன்று பின்னிணைப்பு. நிஷானின் பெயர் பதினாறாம் பக்கத்தில் ஓரிடத்தில் இருந்தது, அதுவும் "மேற்படி நபர்" என்று. சான்சலர் அதை எழுந்து நின்று வாசித்தார் என்று தியோடோரா சொன்னாள். எழுபத்தைந்து வருடமாக வல்தீனியாவுக்கும் ஒருவரும் பதில் போட்டதில்லை. சபை உடனே மாதாமுனையைத் தனி அரசாக அங்கீகரித்தது. ஒன்றியம் அவசரக் கூட்டம் போட்டு வல்தீனியாவை அங்கீகரித்தது. இரண்டு பேரும் கூட்டுக்குழு அமைத்தார்கள்.

கூட்டுக்குழு எங்கள் பங்குக் கோயிலின் கீழ்மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடியது. நிகழ்ச்சி நிரலில் ஒன்பது விடயம். ஒன்பதாவது, இளவரசியின் கலியாணம். முதலாவது, எந்தக் கொடி வலது பக்கம். மாதாமுனைக்குக் கொடி இல்லாததால் ஒன்றியம் கொடி வரைய உபகுழு போட்டது. இரண்டாவது, மேசையின் எந்தப் பக்கத்தில் யார். சான்சலர் சுவர்ப்பக்கம் கேட்டார். அண்ணையும் சுவர்ப்பக்கம் கேட்டார். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மூன்றாவது, மீன்பிடி உரிமை.

"வல்தீனியாவில கடல் இருக்கோ?" என்று அண்ணையிடம் ஒருநாள் கேட்டேன்.

"இல்லைத்தான். அதாலதான் பேச்சுவார்த்தை சுமுகமாப் போகுது."

ஒருநாளும் மூன்றாவதைத் தாண்டவில்லை. கூட்டம் முடிந்ததும் இருவரும் கைகுலுக்கிப் படம் எடுத்தார்கள். மாதத்துக்கு மாதம் இரண்டு பேருடைய முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. என் மகனுடைய முகத்தில் அது குறைந்துகொண்டு வந்தது.

ஒருமுறை அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டு, சாதி கேட்கும்போது மட்டும் வருகிற மெல்லிய குரலில் தொடங்கினார். "கேக்கிறனெண்டு குறை நினையாத. பெட்டையிண்ட தாய்வழி என்ன மாதிரி? எந்தப் பகுதி? ஒன்றியத்தில நாலு பேர் கேக்கினம். நான் பதில் சொல்லவேணும்."

"அண்ணை, அது ராசாவிண்ட மகள்."

"ராசா சரி. தாய்வழியைத்தானே கேக்கிறன்."

அதைச் சான்சலரிடம் சொன்னால் அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் மிகவும் மகிழ்ந்தார். "இறுதியில் ஒரு நாகரிகமான தேசத்தைச் சந்தித்தோம்" என்றார். தாய்வழி விசாரணை பத்தாவது விடயமானது.

மூன்றாம் வருடம் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை தியோடோரா சந்தைக்கு வந்தாள். நான் கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் எனக்கு உதவியாக அடுக்கினாள். பிறகு சொன்னாள், "மாமா, எனக்கு முப்பத்தாறு ஆகுது. நான் நாள் முழுக்க மற்றாக்களிண்ட பிள்ளையளுக்கு மூக்குத் துடைக்கிறன். எனக்கெண்டு ஒண்டு வேணும். இனி எவ்வளவு காலம் நான் நிக்கிறது?"

நான் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு நேரே பியர்பொன்ட்ஸுக்குப் போனேன். மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும். வழியெல்லாம் எனக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

மன்னர் தனியே இருந்தார். தானே கோப்பி போட்டுத் தந்தார். நான் அரசகுலச் சட்டம் ஒன்றையும் பார்க்காமல் அவருடைய சமையலறைக் கதிரையில் குந்தினேன்.

"ஐயா, உங்களுக்கு இந்தக் கலியாணம் பிடிக்கேல்லையா?" கேட்டது பிரெஞ்சில்தான், ஆனால் இங்கே எழுதும்போது அது என் தமிழாகத்தான் வருகிறது.

"நிஷான் என் மனைவியின் கண்களை மூடியவன்" என்றார். "அவனைவிட நல்லவனை நான் எங்கே தேடுவேன்?"

"அப்ப ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன். நீங்கள்தானே ராசா."

தன் கோப்பிக்குச் சீனி போட்டுக் கலக்கினார். பிறகு சொன்னார், "அவள் கட்டிவிட்டால் சபைக்கு வேலை இல்லை. என் தகப்பன் அந்த மனிதர்களின் தகப்பன்மாரை, நாட்டை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் கூட்டிவந்தார். நாடு போய்விட்டது. நான் கொடுக்கக்கூடியது ஒரு கூட்டம்தான். அவர்கள் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை போவதற்கு வேறு இடம் கிடையாது."

எனக்குச் சுருக்கென்றது. சில வருடத்துக்கு முன் ராணுவம் மாதாமுனையை விட்டு வெளியேறியது. செய்தி வந்த அன்று மாலையே எங்கள் ஒன்றியம் கூடியது. ஒருவர் முகத்திலும் சந்தோசம் இல்லை. யாப்பின் இரண்டாம் பிரிவில் "ஊர் விடுவிக்கப்படும்வரை இவ்வொன்றியம் இயங்கும்" என்று இருந்தது. விடிந்தால் ஒன்றியம் இல்லை. "விடுவிக்கப்பட்ட பின்னரும்" என்று சேர்த்து ஏகமனதாக நிறைவேற்றினோம். போய்ப் பார்த்தவர்கள் ஏழு பேர், இருக்கப் போனவர் ஒருவரும் இல்லை. அந்தத் திருத்தத்தை என் கையால் எழுதியவன் நான்தான். அப்போது நான் செயலாளர்.

அந்த வெட்கத்தில் என் கோபம் இரட்டிப்பானது. "அவைக்கு ஒரு கூட்டம் குடுத்தியள், சரி. உங்கட மகளுக்கு என்னத்தைக் குடுத்தியள்? ஆசுபத்திரியிலயும் வெளியில நிண்டியள். கோயிலிலயும் வெளியிலதான் நிக்கப்போறியளோ?"

அவர் எழும்பினார். என் கோப்பையைக் கழுவி வைத்தார். நான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று பஸ்ஸில் வரும்போது தெரிந்தது.

பிள்ளைகள் இரண்டும் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு வருகிற மூன்றாம் சனிக்கிழமைக்கு நாள் வைத்தார்கள். சுவாமியாரிடம் கலியாண ஓலை எழுதி, கோயிலில் பெயர் பதிந்தாயிற்று. தியோடோரா அழுதாள், ஆனால் நாளை மாற்றவில்லை. சபையும் ஒன்றியமும் இணைந்து ஒரு கண்டன அறிக்கை விட்டன. கூட்டுக்குழு தொடங்கிய நாளிலிருந்து நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அதுதான். அருமைராசா அண்ணை கண்டனத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டுத் தொலைபேசி எடுத்தார்.

கலியாணத்தன்று காலை நல்ல குளிர். பத்தரைக்குப் பூசை. பத்து மணிக்கே சான்சலர் நீலப் பட்டியோடு வந்து கோயிலின் முன்வாசல் படியில் நின்றுகொண்டார். கையில் பதிவேடு. "அரசகுலத்தவர் எவரும் இந்த வாசலைக் கடக்கவில்லை என்பதை நான் நேரில் கண்டு உறுதிசெய்யவேண்டும்" என்றார். உள்ளே வந்து சூடாக இருக்கச் சொன்னேன். கடமை என்றார். அக்னெஸ் ஒரு கம்பளிச் சால்வை கொடுத்தனுப்பினாள்.

தேத்தண்ணீர்க் கேத்தல் கொதித்துவிட்டதா என்று பார்க்க நான் கீழ்மண்டபத்துக் குசினிக்குப் போனேன். பின்பக்கக் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் மன்னர் நிற்கிறார். பழைய கறுத்தக் கோட், முழங்காலுக்குக் கீழே பஸ் தெறித்த சேற்றுப் பனி. பியர்பொன்ட்ஸிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்.

"இந்தப் பக்கத்தால் மேலே போக முடியுமா?" என்று கேட்டார்.

"போகலாம், ஐயா. உள்ளுக்குள்ள படி இருக்கு."

அவர் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த அல்போன்சம்மா அக்காவுக்கு வணக்கம் சொல்லி, எண்ணெய்ச் சட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். குசினிக்குப் பக்கத்து அறையில்தான் அக்னெஸ், ஒன்பது மணிக்கே வந்துவிட்ட பெட்டைக்குக் கூறைச்சேலை உடுத்திக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. தியோடோரா தகப்பனைக் கண்டு அப்படியே நின்றாள்.

"நான் வரவில்லை" என்றார் மன்னர்.

"ஓம் அப்பா" என்றாள், அழுதுகொண்டே, தன்னை மறந்து தமிழில். "நீங்கள் வரேல்லை."

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். அக்னெஸ் பின்னால் போய் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். தகப்பனும் மகளும் உள்படியால் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் கலங்கியது. மூன்று வருடமாக இந்தக் குசினிக் கதவு இங்கேதானே இருந்தது என்று நினைக்க ஆத்திரமும் வந்தது.

நான் வெளியால் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். சான்சலர் விறைத்துப்போய் நின்றார். மூக்கு நுனி சிவந்திருந்தது. 

"மாட்சிமை தங்கிய மன்னர் இவ்வாசலைக் கடந்தாரா?"

"இல்லை" என்றேன்.

அவர் பதிவேட்டை விரித்து, கையுறையைக் கழற்றி, மன்னர் சமுகமளிக்கவில்லை என்றும், ஆதலால் இத்திருமணத்தைச் சபை அறியவில்லை என்றும், இளவரசியாரின் விவாகம் தொடர்ந்தும் பரிசீலனையில் உள்ளது என்றும் எழுதினார். அடுத்த கூட்டத்தின் திகதியையும் குறித்தார். பிறகு, சாட்சி ஒருவர் தேவை என்று என்னைப் பார்த்தார். உள்ளே எல்லாரும் எழும்பி நிற்கும் சத்தம் கேட்டது, வருகைப் பாட்டுத் தொடங்கியது. நான் முழுவதையும் ஒருமுறை வாசித்து, திகதி சரியா என்று பார்த்து, கையெழுத்து வைத்தேன்.